ஊசி போட்ட பின்னும் வரும் கடுஞ்ஜுரம்



இன்ஃபுளூயன்ஸாவைப் பற்றிப் பொதுமேடையில் பேசும் எந்த வைத்தியனும், கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது ஒரு கேள்வியைத் தப்பாமல் சந்திக்க நேரிடும். "வருஷந்தோறும் ஊசி போட்டுக்கொண்ட எங்கள் அப்பாவுக்கு ஏன் ஐயா இவ்வளவு கடுமையாக வந்தது?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் குரலில் பாதி வருத்தமும் பாதி குற்றச்சாட்டும் கலந்திருக்கும். இதற்கு ஊரார் இரண்டு விடைகளைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். ஊசியால் பிரயோஜனம் இல்லை என்பது ஒன்று. ஊசியே நோயைக் கிளப்பிவிட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அறியாமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுடைய வழக்கம். அவ்வழக்கம் சரியன்று என்பது என் அபிப்பிராயம். முதல் விடையில் கணிசமான உண்மை உண்டு. இரண்டாவதிலும், விலங்குகளிடத்தில் தெளிவாகவும் மனிதரிடத்தில் அரிதாகவும் காணப்பட்ட ஒரு சிறு உண்மை உண்டு. அவற்றை உரிய இடத்தில் வைத்துப் பார்த்தோமானால், இந்நோயில் உயிருக்கு ஆபத்தை விளைவிப்பது பெரும்பாலும் நம் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி காலந்தாழ்ந்து எழுவதே என்பதும், ஊசி நமக்குச் சம்பாதித்துத் தருவது முக்கியமாகக் காலமே என்பதும் விளங்கும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

1918-ஆம் ஆண்டில், முதல் உலக யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் பரவிய இன்ஃபுளூயன்ஸா உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. இந்தியாவில் மட்டும் மாண்டவர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள். சாதாரணமாகக் குழந்தைகளையும் முதியோரையும் வாட்டும் இந்நோய், அவ்வாண்டில் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட, திடகாத்திரமுள்ள வாலிபர்களைத் தேடித் தேடிப் பிடித்தது. அன்றும் வைத்தியர்கள் கைகட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. ஊசி போடத்தான் செய்தார்கள். ஆனால் 1892-இல் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் பைஃபர், நோயாளிகளின் சளியில் கண்டு, இதுவே காரணம் என்று அறிவித்த ஒரு பாக்டீரியாவைக் கொன்று அதைத்தான் மருந்தாக்கியிருந்தார்கள். நோய்க்குக் காரணமே வேறாக இருந்தபடியால் அவ்வளவு உழைப்பும் விழலுக்கு இறைத்த நீராயிற்று.

உண்மைக் காரணம் பிடிபட்டது 1933-இல். லண்டன் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெயிட்லா ஆகிய மூவரும், நோயாளிகளின் தொண்டையைக் கழுவி எடுத்த நீரைப் பாக்டீரியா எதுவும் புகமுடியாத வடிகட்டியில் வடித்து, கீரியை ஒத்த சிறு பிராணியாகிய ஃபெரட்டின் மூக்கில் விட்டார்கள். அப்பிராணி மனிதனைப் போலவே ஜுரங்கண்டு, மூக்கொழுகித் தும்மியது. பாக்டீரியாவிலும் நுண்ணியதான ஒரு வைரஸே காரணம் என்பது அத்துடன் நிலைநாட்டப்பட்டது. பின்னர் ஆஸ்திரேலியாவின் மாக்ஃபர்லேன் பர்னெட் அதைக் கருவுற்ற கோழிமுட்டையில் வளர்க்கும் முறையை உருவாக்கினார். அமெரிக்காவில் தாமஸ் பிரான்சிஸும் அவருடைய சீடர் ஜோனாஸ் சால்க்கும், முட்டையில் வளர்த்த வைரஸைக் கொன்று செய்த மருந்தை யுத்தகாலத்தில் இராணுவத்தினருக்குப் போட்டுப் பார்த்து, நற்பலன் கண்டார்கள். 1945-இல் அதற்கு அனுமதியும் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1947-இல், அதே மருந்து ஏறக்குறைய முற்றிலும் பயனற்றுப் போயிற்று. மருந்து கெட்டுப்போகவில்லை, வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டுவிட்டது.

ஊசி மருந்து சரீரத்தில் செய்யும் காரியத்தை இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம். இவ்வைரஸின் மேற்பரப்பில் இரண்டு வகைப் புரதங்கள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஹீமக்ளூட்டினின் என்பது நம் சுவாசக்குழாயின் உயிரணுக்களைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைவதற்கு உதவுவது. நியூராமினிடேஸ் என்பது உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் விடுபட்டு வெளியேறுவதற்கு உதவுவது. ஊசி போட்ட இரண்டு வாரத்திற்குள், ஹீமக்ளூட்டினினின் தலைப்பகுதியை மூடிக்கொள்ளக்கூடிய எதிர்ப்பொருள்கள் நம் இரத்தத்தில் உருவாகின்றன. தலை மூடப்பட்ட வைரஸ் உயிரணுவைப் பற்ற முடியாது.

இந்த எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை மிக எளியது. முட்டைத் திரவத்தை எடுக்கும்போது தவறிக் கலந்த கோழிக்குஞ்சின் இரத்தம் கட்டி கட்டியாகச் சேர்வதை 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கவனித்தார். அச்சிறு கவனிப்பே இதற்கு வித்து. ஒரு தட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன. நம் இரத்தத்தின் தெளிநீரைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு, எண்பது மடங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்து குழிகளில் இட்டு, ஒவ்வொன்றிலும் குறித்த அளவு வைரஸைச் சேர்த்து, சற்று நேரம் கழித்துச் சிவப்பணுக்களைத் துளித்துளியாக விடுகிறார்கள். எதிர்ப்பொருள் போதிய அளவு உள்ள குழியில், வைரஸ் கட்டுண்டு கிடப்பதால் சிவப்பணுக்கள் தடையின்றி இறங்கி, நடுவில் குங்குமப் பொட்டுப் போல் படிகின்றன. போதாத குழியில், வைரஸ் அவற்றைப் பின்னிக்கொள்வதால் அடிப்பாகம் முழுவதும் மெல்லிய சிவப்புப் படலம் பரவுகிறது. பொட்டு எந்தக் குழி வரையில் தெரிகிறதோ அதுவே அளவு. அது நாற்பதாக இருந்தால் நல்ல அளவு என்று சொல்கிறோம். நாற்பது என்பதற்குப் பொருள், நோய் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது என்பதே. பாதி என்பதைச் சற்று நினைவில் வையுங்கள். சோதனைச்சாலை அறிக்கையில் வெற்றி என்று எழுதப்பட்டவர்களிலும் பலருக்கு ஜுரம் வந்தே தீரும்.

அதற்குமேல் இன்னொரு குறை. தோளில் போட்ட ஊசியால் எழும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உலவுவது. அங்கிருந்து நுரையீரலின் ஆழத்திற்கு அது ஓரளவு நன்றாகக் கசிந்து சென்றாலும், வைரஸ் முதலில் வந்திறங்கும் மூக்கின் உட்சவ்வில் போதிய அளவு சேர்வதில்லை. ஆகவே ஊசி போட்டவருக்கு மூக்கிலும் தொண்டையிலும் நோய் தொடங்குவதை அது பல சமயம் தடுப்பதில்லை. நுரையீரலுக்குள் இறங்குவதைத்தான் எதிர்த்து நிற்கிறது. ஊசியின் தோல்வியென்று நாம் எண்ணும் மூன்று நாள் ஜுரம் பல வேளைகளில் அதனுடைய வெற்றியாகவே இருக்கக்கூடும். ஆனால் வராத நிமோனியாவை யாரும் கண்ணால் காண்பதில்லை, வந்த ஜுரத்தை வீடே காண்கிறது.

வைரஸ் உருமாறுவதால் வரும் நஷ்டமும் சிறிதன்று. அடுத்த பருவத்தில் எந்த வகை பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் பல மாதங்களுக்கு முன்பே மதிப்பிட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. மதிப்பீடு பொருந்திய ஆண்டுகளில் வைத்தியரை நாடவேண்டிய நோய் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பங்கு வரை குறைகிறது. பொருந்தாத 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் அந்தப் பலன் நூற்றுக்குப் பத்தொன்பதாக இறங்கிற்று. போதாக்குறைக்கு, முட்டையில் வளரும்போது வைரஸ் முட்டைக்கு ஏற்றபடி தன் ஹீமக்ளூட்டினினைச் சற்றுத் திருத்திக்கொள்கிறது. எச்3என்2 என்னும் வைரஸ் வகையில் இவ்வாறு நேர்ந்ததால், ஊசி போட்டவர்களின் எதிர்ப்பொருள் முட்டையில் வளர்ந்த வைரஸை நன்றாகவும், ஊரில் உலவும் வைரஸை அரைகுறையாகவும் பற்றியதை 2017-இல் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார்கள். இதுவே முதல் விடையில் உள்ள உண்மை.

இனிக் கடுமை என்பதற்கு வருவோம். நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையின் சுவரும் ஒற்றை வரிசை உயிரணுக்களால் ஆனது. அதையொட்டி மெல்லிய இரத்தக்குழாய். பிராணவாயு இரத்தத்தில் சேர்வது இந்த மெல்லிய எல்லையைக் கடந்துதான். வைரஸ் இவ்விடத்தை அடைந்தவுடன், தாக்குண்ட உயிரணுக்களும் காவல் வெள்ளணுக்களும் சைட்டோகைன் எனப்படும் இரசாயனத் தூதுகளை வெளியிடுகின்றன. அவற்றின் அழைப்புக்கு இரத்தக்குழாய்ச் சுவர்கள் இளகி வழிவிட, வெள்ளணுக்கள் படைபடையாகப் புகுகின்றன. அவற்றோடு இரத்தத்தின் நீரும் புரதமும் கசிந்து அறைகளை நிரப்புகின்றன. புரதம் உறைந்து, கண்ணாடித் தாள் போன்ற படலமாக அறையின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. காற்று இருக்கவேண்டிய இடத்தில் நீர் நிற்கிறது; நோயாளி மூச்சை இழுக்கிறார், இழுத்த மூச்சு இரத்தத்தில் சேர்வதில்லை. 1918-இன் வைரஸை மீண்டும் உருவாக்கி, 2007-இல் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்த ஆராய்ச்சியிலும், கட்டுக்கடங்காத, நிலைதவறிய எதிர்ப்பே நுரையீரலை அழித்ததாகக் கண்டார்கள்.

அப்படியானால் எதிர்ப்புச் சக்தி மிகுதியாக இருப்பதே தீங்கு என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. கூரையில் விழுந்த தீப்பொறியை ஒரு சொம்பு நீரால் அணைத்துவிடலாம். வீடு முழுவதும் பற்றிக்கொண்ட பிறகு வருகிறவர்களோ, தீயை அணைப்பதற்காகவே கூரையைப் பிரித்துச் சுவரையும் இடிக்க நேரிடுகிறது. இன்ஃபுளூயன்ஸாவில் வைரஸ் இரண்டு மூன்று நாட்களுக்குள் உச்சத்தை எட்டிவிடும். முன்பழக்கமில்லாத சரீரத்தில் டி வகை வெள்ளணுக்களும் எதிர்ப்பொருளும் திரண்டெழ ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். இந்த இடைவெளியில் வைரஸ் எவ்வளவு பெருகிவிட்டதோ, அவ்வளவுக்குப் பிற்பாடு எழும் எதிர்ப்பும் உக்கிரமாகிறது.

இடைவெளியைச் சமாளிப்பதற்கு இயற்கை ஒரு முதற்காவலை வைத்திருக்கிறது. அதன் பெயர் இன்டர்ஃபெரான். 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மானும், வெப்பத்தால் கொல்லப்பட்ட இன்ஃபுளூயன்ஸா வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வில் வைத்து, பின் அச்சவ்வு ஊறிய நீரைப் புதிய சவ்வில் இட்டபோது, அதில் உயிருள்ள வைரஸும் வளரக் காணவில்லை. அந்நீரில் இருந்த பொருளே இன்டர்ஃபெரான். தொற்று நேர்ந்த சில மணி நேரத்திலேயே எழுந்து, அண்டை உயிரணுக்களை எச்சரித்துக் கதவடைக்கச் செய்வது அதன் தொழில். அதில் ஊனம் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. பிரான்ஸ் தேசத்தில், அதுவரை ஆரோக்கியமாக இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்திக்கு இன்ஃபுளூயன்ஸா உயிர்போகும் நிலைக்கு முற்றியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த ஒரு மரபணுக் குறையால் அவளுடைய உயிரணுக்களுக்கு இன்டர்ஃபெரானைப் போதிய அளவு சுரக்கத் தெரியவில்லை என்று 2015-இல் அறிந்தார்கள். வேறு சிலருக்கு மரபணு செவ்வையாகவே இருக்கிறது. ஆனால் சொந்தச் சரீரமே தன் இன்டர்ஃபெரானுக்கு எதிராக எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான இன்ஃபுளூயன்ஸா நிமோனியா கண்டவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவரிடம் இந்த விபரீதம் இருந்ததாக 2022-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. இத்தகையவருக்கு வெளியே எந்த அடையாளமும் இல்லை. நன்றாக நடமாடியவர் திடீரென்று விழுந்துவிட்டாரே என்று வீட்டார் திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதுமை வேறொரு காரணம். டி வெள்ளணுக்களுக்குப் பயிற்சியளிக்கும் தைமஸ் சுரப்பி வாலிபத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. எழுபது வயதினரிடம் புதிய எதிரியைக் கற்றுக்கொள்ளத்தக்க வெள்ளணுக்கள் அருகிவிடுகின்றன. ஊசிக்கும் அவர்களுடைய சரீரம் மந்தமாகவே பதிலளிக்கிறது. இதனால்தான் 65 வயதைக் கடந்தவர்களுக்கென்று, ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் வழக்கமான 15 மைக்ரோகிராமுக்குப் பதிலாக 60 மைக்ரோகிராம் மருந்து கொண்ட ஊசியைச் செய்து பார்த்தார்கள். வழக்கமான ஊசி போட்டவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு இருபத்துநான்கு பங்கு குறைவாகவே அவர்களுக்கு நோய் கண்டது. உடற்பருமன் இன்னும் விசித்திரமானது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஊசி போட்டவர்களை ஆராய்ந்தபோது, பருத்தவர்களிடமும் எதிர்ப்பொருளின் அளவு மற்றவர்களைப் போலவே இருந்தது. ஆயினும் நோய் அவர்களுக்கு இரு மடங்கு அதிகமாக வந்தது. இரத்தச் சோதனையின் அளவு ஒன்றையே கொண்டு ஒருவர் காக்கப்பட்டாரா என்று கூறிவிட முடியாது.

இவ்வளவு குறைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், மருத்துவமனையில் சேருமளவுக்கு நோய் முற்றியவர்களைப் பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்ட கணக்கு என்ன சொல்கிறது? ஊசி போடாத நோயாளிகளோடு ஒப்பிட, ஊசி போட்டும் நோயுற்றவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வது நூற்றுக்கு 26 பங்கும், இறப்பது 31 பங்கும் குறைந்திருந்தன. தொற்றைத் தடுக்கத் தவறிய இடத்திலும் ஊசி வேலை செய்திருக்கிறது. முன்பே பழகிய வெள்ளணுக்கள் ஒரு வாரம் காத்திராமல் சில நாள் முந்தி எழுந்ததே இதற்குக் காரணம் என்று கொள்வது பொருந்தும்.

இனி இரண்டாவது விடை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பொருந்தாத எதிர்ப்பொருள் சில வேளைகளில் உதவாமற்போவதோடு உபத்திரவமும் செய்யும் என்பது விலங்குகளிடம் நிரூபணமான விஷயம். எச்1என்2 என்னும் வகையைக் கொன்று செய்த ஊசியைப் பன்றிகளுக்குப் போட்டு, பின்னர் அவற்றிற்கு 2009-இன் எச்1என்1 வகையைச் செலுத்தியபோது, ஊசி போடாத பன்றிகளைவிட அவற்றிற்கு நுரையீரல் அழற்சி கடுமையாக வந்தது. ஹீமக்ளூட்டினினின் தலையை மூடாமல் தண்டை மாத்திரம் பற்றிய எதிர்ப்பொருள்கள், வைரஸ் உயிரணுவோடு கலப்பதற்கே துணைசெய்துவிட்டன என்று 2013-இல் அதற்கு விளக்கமும் கண்டார்கள். கனடாவில், 2008-09 பருவத்துச் சாதாரண ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, 2009-இல் புதிதாகத் தோன்றிய எச்1என்1 நோய்க்காக வைத்தியரிடம் செல்லும் வாய்ப்பு 1.4 முதல் 2.5 மடங்கு வரை கூடியிருந்ததாக நான்கு ஆராய்ச்சிகள் தெரிவித்தன. ஃபெரட்டுகளை வைத்து அதையே மறுபடியும் சோதித்ததில், ஊசி போட்டவற்றிற்கு நோய் சற்று மிகுதியாகவே இருந்தது. மற்ற நாடுகளில் அவ்வாறு தெளிவாகக் காணப்படவில்லை. கனடாவிலும், நோயுற்றவர்கள் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றுவதை அந்த ஊசி கூட்டியதாகக் காணோம். ஊசியின் சரித்திரத்தில் இதைவிடத் துயரமான சம்பவம் வேறொரு வைரஸைச் சேர்ந்தது: 1966-இல் வாஷிங்டனில் ஆர்.எஸ்.வி. என்னும் சுவாசநோய் வைரஸுக்கெதிரான ஊசி பெற்று, பின் அந்நோய் தொற்றிய இருபது கைக்குழந்தைகளில் பதினாறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், இருவர் இறந்தனர். அதன்பின் புதிய சுவாசநோய் ஊசிகளை ஆராய்கிறவர்கள் இவ்வாபத்தையும் தேடிப் பார்க்கிறார்கள்.

இத்தகைய பொருந்தா எதிர்ப்புக்கு ஊசிதான் வேண்டும் என்பதில்லை; பழைய நோயின் ஞாபகமே போதும். 1957 மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து நோயாளிகளோடு சென்னைத் துறைமுகத்தை அடைந்த கப்பலொன்று புதிய எச்2என்2 வகையை இந்தியாவில் இறக்கிற்று. குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் இன்ஃபுளூயன்ஸா மையம் தொகுத்த கணக்கின்படி, அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் 1,098 பேர். அவ்வாண்டின் கொள்ளைநோயில் மாண்ட நடுவயதினர் சிலரின் நுரையீரல் துண்டுகள் வெளிநாட்டில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அரை நூற்றாண்டுக்குப் பின், 2009-இல் மாண்ட நடுவயதினரின் நுரையீரலோடு அவற்றையும் 2011-இல் ஆராய்ந்தார்கள். இரண்டிலும் ஒரே காட்சி: பழைய வைரஸுக்கென்று செய்யப்பட்டு, புதிய வைரஸை இறுகப் பற்ற இயலாத எதிர்ப்பொருள்கள் அதனோடு கூட்டாகத் திரண்டு, சுவாசக்குழல்களில் படிந்து, அழற்சியை மூட்டியிருந்தன. அதே 2009-இல் முதியோர் பலர் தப்பினார்கள். அவர்கள் இளமையில் சந்தித்த வைரஸ் 1918-இன் சந்ததியைச் சேர்ந்ததாகையால், அதன் ஞாபகம் புதியதற்கும் பொருந்திவிட்டது. இளமையில் முதலில் வந்த வைரஸே ஆயுள் முழுவதும் நம் எதிர்ப்பின் போக்கை நிர்ணயிக்கிறது என்று 1960-இல் தாமஸ் பிரான்சிஸ் எழுதியதன் ஆழம் இத்தனை காலங்கழித்தே புலப்பட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆண்டுதோறும் போடும் ஊசி நோயைக் கடுமையாக்குகிறது என்று சொல்வதற்கு மனிதரிடத்தில் ஆதாரம் மிகச் சொற்பம். கடுமையைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் ஏராளம். எனினும் ஊசி என்பது கவசம் என்று விளம்பரம் செய்தவர்கள் ஒரு தவறு செய்தார்கள். அவ்வார்த்தையை நம்பியவர்தான் ஜுரம் வந்தவுடன் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார்.

அந்த நம்பிக்கையில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. "நான்தான் ஊசி போட்டிருக்கிறேனே, இது வெறும் சளி" என்று வீட்டிலேயே படுத்துக் கிடப்பவர், மருந்து வேலை செய்யக்கூடிய நாட்களை இழந்துவிடுகிறார். ஒசல்டாமிவிர் என்னும் மருந்து, நோய் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் தரும். நான்காம் நாள் ஜுரம் இறங்கி, ஆறாம் நாள் மறுபடியும் ஏறினால், வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் நிமோகாக்கஸ் முதலிய பாக்டீரியா குடியேறியிருக்கலாம். 1918-இல் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அந்த இரண்டாம் தாக்குதலே. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் ஜுரத்தையும் உடல்வலியையும் உடனே அடக்கிக் காட்டும்; ஆனால் இன்ஃபுளூயன்ஸாவில் ஸ்டீராய்டு பெற்ற நோயாளிகளிடம் இறப்பு மிகுந்திருந்ததையே பல ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன.

வட இந்தியாவின் பெரும்பகுதியில் இந்நோய் ஆடி, ஆவணி மழையோடு உச்சம் பெறுகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மிகுகிறது. ஊசியின் பலன் முழுமை பெற இரண்டு வாரம் வேண்டும். ஆகையால் உங்கள் வீட்டு முதியோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோயும் இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கும் புரட்டாசி பிறப்பதற்குள் ஊசியைப் போட்டுவிடுங்கள். போட்ட பின்னும் அவர்களுக்கு ஜுரத்தோடு மூச்சு வாங்குமானால், ஊசி போட்டதைச் சொல்லி, அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.